தரநிலைக் குழுக்களும் தமிழ் எழுத்தும்: மலேசியத் தமிழரின் பங்கேற்பு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

கிள்ளான் நகருக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் இடைப்பட்ட ஊர் பண்டமாரான். நாம் வளர்ந்தது அவ்வூரில்தான். 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அத்துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. மூட்டையைத் தோளில் சுமந்து கப்பலேற்றிய முதியோரிடம் பேசினால், கொள்கலன் வந்தபின் வேலையின் தன்மையே மாறிப்போனதைச் சொல்வார்கள். அம்மாற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது ஓர் அளவுத் தரநிலை. கொள்கலனின் நீளம், அகலம் முதலியவற்றை அனைத்துலகத் தரப்படுத்த அமைப்பு 1968ஆம் ஆண்டில் வரையறுத்து வெளியிட்டது. இருபதடி, நாற்பதடி என்னும் அவ்வளவுகளுக்கேற்பவே கப்பலும் பாரந்தூக்கியும் பார வண்டியும் அமைந்தன. அவ்வளவை முடிவுசெய்த குழுவில் பண்டமாரான் தொழிலாளர் எவரும் அமர்ந்ததில்லை. முடிவு மட்டும் அவர்களுடைய தோளுக்கு வந்து சேர்ந்தது.

எழுத்துக்கும் இவ்வாறே தரநிலைகள் உண்டு. ஒரு மொழியின் எழுத்துகளைக் கணினி எவ்வெண்களால் அறிய வேண்டும், எவ்வரிசையில் அடுக்க வேண்டும், எவ்விசையால் பெற வேண்டும் என்பனவற்றைக் குழுக்கள் கூடி முடிவுசெய்கின்றன. நாளிதழ், பதிப்பகம், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய ஊடகத்துறைகள் அனைத்தும் அம்முடிவுகளின்மேல் நிற்கின்றன. அக்குழுக்களில் தமிழர் எப்பொழுது இருந்தனர், எப்பொழுது இல்லை, அதன் விளைவு யாது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் பங்கு இதில் சிறப்பாகக் கவனிக்கப்பெறுகிறது.

இந்த ஆய்வுக்கு நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்வு. சில ஆண்டுகளுக்கு முன் பண்டமாரானில் மூடப்படவிருந்த ஓர் அச்சகத்தின் உரிமையாளர், பழைய நெகிழ்வட்டுகள் அடங்கிய ஒரு பெட்டியை நம்மிடம் ஒப்படைத்தார். 1994 முதல் 2001 வரை தட்டெழுதப்பட்ட கோயில் குடமுழுக்கு மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் அவற்றில் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுது மக்கள் எங்குச் சென்றனர், எந்தக் கோயிலை யார் பெயர்த்து வந்து கட்டினர் என்னும் செய்திகள் வேறெங்கும் பதிவாகாமல் இத்தகைய மலர்களில் மட்டுமே கிடைப்பதுண்டு. வட்டுகள் திறந்தன, கோப்புகளும் திறந்தன. ஆனால் திரையில் தோன்றியவை உரோமன் எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே. பயன்படுத்திய எழுத்துருவின் பெயரும் அச்சகத்தாரின் நினைவில் இல்லை. ஐந்து மலர்களுள் இரண்டின் அச்சுப்படிகளை ஊராரிடம் தேடிப் பெற்று, அச்சையும் கோப்பையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அவ்விரண்டையும் மீட்டோம். எஞ்சிய மூன்றும் வேறோர் எழுத்துருவில் அமைந்தவை. அவை இன்றுவரை மீளவில்லை. இவ்விழப்புக்கு அச்சகத்தாரைக் குறைகூற இயலாது. அவர் வாழ்ந்த காலத்தில் தமிழுக்கு ஒரு பொதுத் தரநிலை இல்லை. ஏன் இல்லை என்பதே நம் வினா.

தட்டச்சுப்பொறியும் எழுத்துச் சீர்திருத்தமும்

இயந்திரத்திற்கு ஏற்பத் தமிழெழுத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சிகளின் முன்னோடிகளுள் ஒருவர் மலாயா மண்ணோடு தொடர்புடையவர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டில் பிறந்த ஆர். முத்தையா, 1907ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சின் விரைவைக் கண்ட அவர் தமிழுக்கும் அத்தகைய பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்குவது எவ்வாறு என்பதே அவர் எதிர்கொண்ட சிக்கல். புள்ளியையும் விசிறிகளையும் தனி விசைகளில் வைத்து, அவற்றை அழுத்தும்பொழுது தாள் நகராதவாறு செய்தமை அவருடைய தீர்வின் ஒரு கூறு. எந்த வடிவத்திற்குத் தனி விசை, எது கூட்டித் தட்டப்பட வேண்டும் என்பதை அன்று ஒரு தனிமனிதர் தம் அறிவைக்கொண்டு முடிவுசெய்தார். தமிழறிந்த ஒருவர் அதனைச் செய்தமையால் முடிவுகள் தமிழுக்கு இசைவாக அமைந்தன.

எழுத்து வடிவத்தை ஒழுங்குபடுத்தும் கருத்தைப் பெரியார் 1935ஆம் ஆண்டில் 'குடிஅரசு' இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆணை வெளியிட்டு அதனை ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. ணை, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் பாடநூல்களிலிருந்து நீங்கின. இந்த மாற்றத்தைக் கரும்பலகையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் தமிழாசிரியர்களே என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தரநிலை ஒன்று உயிர்பெறுவது வகுப்பறையிலும் அச்சகத்திலுந்தான்.

இல்லாதிருந்தமையின் விலை: 1988 - 1991

கணினிக்குரிய குறியேற்றத்தின் கதை வேறுவகையில் தொடங்கியது. இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியேற்றம் ஒன்றை இந்திய நடுவணரசின் மின்னணுவியல் துறை 1980களில் உருவாக்கியது. 'இஸ்கி' எனப்படும் அது 1988ஆம் ஆண்டில் திருத்தம் பெற்று, 1991ஆம் ஆண்டில் இந்தியத் தரநிலைப் பணியகத்தின் தரநிலையாயிற்று. பிராமியிலிருந்து தோன்றிய எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் பொருத்துவது அதன் நோக்கம். ஒரு மொழியில் தட்டியதை மற்றொரு மொழியின் எழுத்தில் எளிதாக மாற்றிக் காட்டலாம் என்பது அதன் நன்மை. அச்சட்டகம் தேவநாகரியின் அடுக்கையொட்டி அமைந்தது.

இதே காலத்தில் உலக எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் பணியை அமெரிக்கக் கணினி நிறுவனங்கள் கூடி அமைத்த ஒருங்குறிச் சேர்த்தியம் மேற்கொண்டது. இந்திய எழுத்துகளுக்கு அது 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடிப்படையாகக் கொண்டது. 1991ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கிடைத்தன. அதன் விளைவுகளுள் மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, எழுத்தின் அலகு. தமிழிலக்கணம் மெய்யை அடிப்படையாகவும், மெய்யும் உயிரும் கூடியதை உயிர்மெய்யாகவும் கொள்கிறது. ஒருங்குறியிலோ அகரமேறிய 'க' அடிப்படை எழுத்து. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறிகள். 'வணக்கம்' என்னும் சொல்லில் தமிழாசிரியர் ஐந்தெழுத்து எண்ணுவார். கணினி ஏழு எண்ணும்.

இரண்டாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தையடுத்து னகரமும், ரகரத்தையடுத்து றகரமும், லகரத்தையடுத்து ளகர, ழகரங்களும் அமைந்துள்ளன. வெறும் எண்வரிசைப்படி அடுக்கினால் 'பன்றி' முதலிலும், 'பப்பாளி', 'பம்பரம்' அதன் பின்னும் வரும். நம் அகராதிகளில் 'பன்றி' இம்மூன்றனுள் இறுதியில் நிற்பது. இதனைச் சீர்செய்யத் தனி அடுக்குவரிசை விதிகள் பின்னர் வகுக்கப்பட்டன. ஆயினும் அவ்விதிகளைப் பயன்படுத்தாத மென்பொருளில் பிழை தொடர்கிறது. மாணவர் பெயர்ப்பட்டியலைக் கணினியில் அடுக்கிப் பார்த்த ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்.

மூன்றாவது, பெயர். ஆய்த எழுத்துக்கு அட்டவணையில் வழங்கப்பட்ட பெயர் 'விசர்க்கம்' என்பது. தொல்காப்பியம் சார்பெழுத்தாகக் கொண்ட ஒன்று வடமொழிக் குறியொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் வழங்காத 'அனுசுவாரம்' ஒன்றும் தமிழின் பகுதியில் இடம்பெற்றுள்ளது. ஒருங்குறியின் நிலைப்பாட்டு விதிகளின்படி ஒருமுறை குறியேற்றப்பட்ட எழுத்தை நீக்கவோ இடம் மாற்றவோ பெயர் மாற்றவோ இயலாது. பழைய ஆவணங்கள் கெடாதிருப்பதற்கு அவ்விதி இன்றியமையாதது. அதனால் இன்று ஆய்தம் என்பதை விளக்கக் குறிப்பாக மட்டுமே சேர்க்க முடிந்துள்ளது.

இவை தமிழின்மீது பகைமை கொண்டோர் செய்தவை அல்ல. தேவநாகரியை நன்கறிந்தோர், தமிழும் அதனைப் போன்றதே எனக் கருதி நேர்மையாகச் செய்தவை. மறுத்துரைக்கும் தமிழிலக்கண அறிஞர் குரல் அந்நேரத்தில் அவ்விடத்தில் போதிய வலுவுடன் ஒலிக்கவில்லை. குழுவில் எழும் வெற்றிடத்தைக் கையிலிருக்கும் ஏதேனுமொரு முன்மாதிரி நிரப்பிவிடுகிறது என்பதே இந்நிகழ்வு காட்டும் உண்மை.

எழுத்துருக்களின் காலம்: 1985 - 1999

மேற்கண்ட முடிவுகள் உருவான காலத்தில் தமிழர் கணினியைப் புறக்கணித்திருந்தனர் என்று எண்ணுதல் தவறு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரானார். ஆர்வத்திற்குக் குறைவில்லை, ஒருங்கிணைவே இல்லை.

அக்கால எண்பிட்டு முறையில் 256 இடங்கள் மட்டுமே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்குரியவை. எந்த இடத்தில் எந்தத் தமிழெழுத்தை வைப்பது என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்தனர். ஒரே எண் ஓர் எழுத்துருவில் ககரமாகவும் மற்றொன்றில் ஙகரமாகவும் இருந்தது. ஓர் இதழ் தட்டிய செய்தியை மற்றோர் இதழ் படிக்க வேண்டுமாயின் அதே எழுத்துருவை விலைகொடுத்துப் பெற வேண்டும். அச்சுத் தாளில் எல்லாம் தமிழாகவே தோன்றியமையால் இதன் கேடு அப்பொழுது எவர் கண்ணிலும் படவில்லை. பண்டமாரான் நெகிழ்வட்டுகள் ஊமையானதன் காரணம் இதுவே. அவற்றில் பதிந்திருந்தவை எண்கள். அவ்வெண்களின் பொருளைச் சொல்லும் எழுத்துரு மறைந்தவுடன் மலர்களும் மறைந்தன.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் 1997ஆம் ஆண்டு மே 17, 18 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு நடைபெற்றது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மேலைநாடுகள் ஆகியவற்றின் எழுத்துரு வல்லுநர்கள் ஒரு பொதுக் குறியேற்றம் வேண்டும் என்னும் நிலைக்கு வந்தனர். அதன்பின் மின்னஞ்சல் வழியே நடந்த நெடிய விவாதத்தில் 'திஸ்கி' என்னும் இருமொழிக் குறியேற்றம் உருவாயிற்று. அரசாணை எதுவுமின்றிப் பல நாட்டுத் தன்னார்வலர் கூடித் தமிழுக்கு வகுத்த தரநிலை அது. மதுரைத் திட்டம் தன் தொடக்க கால மின்னூல்களை அதில்தான் வெளியிட்டது. அனைத்துலக இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையத்தின் பதிவேட்டில் அது 2007ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ்நாட்டரசு சென்னையில் நடத்திய மாநாடு வேறொரு முடிவுக்கு வந்தது. 'டேம்' என்னும் ஒருமொழிக் குறியேற்றமும் 'டேப்' என்னும் இருமொழிக் குறியேற்றமும் 'தமிழ்99' என்னும் விசைப்பலகையும் அங்கு ஏற்கப்பட்டன. ஆக, ஒன்று வேண்டிய இடத்தில் தமிழுக்குப் பல தரநிலைகள் வாய்த்தன. அயலகத் தமிழர் ஒன்றையும் தாயகத் தமிழர் மற்றொன்றையும் பயன்படுத்தினர். சில ஆண்டுகளில் ஒருங்குறி பரவி இவையனைத்தையும் பின்தள்ளியது. விண்டோசு 2000 இயங்குதளம் 'லதா' எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைத் தாங்கி வந்தபொழுது, இவ்விவாதத்தின் பெரும்பகுதி பொருளிழந்தது.

அவ்வாறாயின் அவ்வுழைப்பு வீணா? இல்லை என்பதே நம் கருத்து. தமிழ்99 விசைப்பலகை இன்றும் வழக்கிலுள்ளது. உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்களை வலக்கைப் பக்கமும் வைத்து 31 விசைகளில் தமிழ் முழுவதையும் அடக்கிய அவ்வமைப்பு, உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கண நெறியையே பின்பற்றுகிறது. மேலும், குறியேற்றம் என்றால் என்னவென்று அறிந்த தமிழர் கூட்டமொன்று உலகின் பல நகரங்களில் உருவாயிற்று. அடுத்த கட்டத்தில் பயன்பட்டது அக்கூட்டமே. நா. கோவிந்தசாமி அதனைக் காணவில்லை. 1999ஆம் ஆண்டு மே திங்களில் அவர் மறைந்தார்.

உத்தமமும் கோலாலம்பூரும்

2000ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைவராகவும் சிங்கப்பூரின் அருண் மகிழ்நன் நிருவாக இயக்குநராகவும் அமைந்தனர். அடுத்த மாநாடு 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்றது. 1966ஆம் ஆண்டில் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய நகரம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தமிழின் கணினி வாழ்வைப் பேசக் கூடியது.

உத்தமத்தின் பணிக்குழுக்கள் மேற்கொண்ட முறையே இங்குக் கருதத்தக்கது. ஒருங்குறிச் சேர்த்தியம் உணர்ச்சியுரைகளுக்குச் செவிசாய்ப்பதில்லை. எழுத்தின் வடிவம், பெயர், இயல்பு, அச்சிலும் ஏட்டிலும் கிடைக்கும் சான்று, பயன்படுத்துவோர் யார் என்பனவற்றைக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதி முன்வைக்க வேண்டும். அம்முன்மொழிவு பொதுவில் வைக்கப்பட்டு விவாதிக்கப்படும். இம்முறையைக் கற்றுக்கொண்டபின் தமிழின் குறைகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. நாள், மாதம், பற்று, வரவு, மேற்படி முதலிய கணக்குக் குறிகள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பில் இடம்பெற்றன. தமிழெண் சுழியமும் 'ஶ' எழுத்தும் 2005ஆம் ஆண்டின் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்தன.

காலந்தாழ்ந்த திருத்தம் எத்தகைய வடுவை விட்டுச்செல்லும் என்பதற்கும் இங்கேயே சான்றுண்டு. 'ஸ்ரீ' என்பதை 2005க்கு முன் ஸகரத்தைக் கொண்டு குறியேற்றினர். பின்னர் 'ஶ' கொண்டு எழுதுதலே முறை எனப்பட்டது. இரண்டும் திரையில் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஒரு நாளிதழின் களஞ்சியத்தில் ஒருவர் பெயரைத் தேடும்பொழுது பாதிச் செய்திகள் கிடைக்காமற்போவதற்கு இஃதொரு காரணமாகலாம்.

கைப்பேசியிலும் இதே பாடம் உண்டு. குறுஞ்செய்தியின் தரநிலை ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. ஒரு செய்தியில் உரோமன் எழுத்தானால் 160, ஒருங்குறியானால் 70 என்பது அதன் வரம்பு. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் தமிழுக்கு அவ்வெழுபதும் முழுமையாகக் கிட்டுவதில்லை. மலேசியாவில் உருவாகி 2005ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த முத்து நெடுமாறனின் 'செல்லினம்', கைப்பேசியிலேயே தமிழெழுத்தை இல்லாத காலத்தில் தமிழ்க் குறுஞ்செய்தியை நடைமுறையாக்கியது. பின்னர்க் குறுஞ்செய்தித் தரநிலையிலேயே துருக்கிய மொழிக்குத் தனி எழுத்து அட்டவணை சேர்க்கப்பட்டது. அதனையடுத்துத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் அட்டவணைகள் வந்தன. அவை வந்தபொழுது திறன்பேசியின் காலம் தொடங்கிவிட்டது. தரநிலையில் இடம்பெற்றால் மட்டும் போதாது, உரிய காலத்தில் இடம்பெற வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

2010ஆம் ஆண்டின் விவாதங்கள்

2010ஆம் ஆண்டு சூன் திங்களில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' என்னும் பதினாறு பிட்டுக் குறியேற்றத்தையும் தரநிலைகளாக அறிவித்தது. பின்னதே தமிழிலக்கணத்திற்கு இசைந்தது என்பது அதனை ஆதரித்தோர் வாதம். அவ்வாதத்தில் வலுவுண்டு. ஆயினும் அது 1990ஆம் ஆண்டில் வைக்கப்பட்டிருக்க வேண்டிய வாதம். இருபதாண்டுகள் கழித்து வந்தபொழுது உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் வேறு வழியில் நெடுந்தொலைவு சென்றுவிட்டன.

அதே ஆண்டில் கிரந்த எழுத்துகளைக் குறியேற்றும் முன்மொழிவுகள் எழுந்தன. கிரந்தத்திற்கான அட்டவணையில் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றுக்குரிய தமிழ் வடிவங்களையும் சேர்க்கும் கருத்து தமிழறிஞரிடையே பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. தமிழ்நாட்டரசு நடுவணரசிடம் தலையிட்டது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனித் தொகுதியாக, அவ்வைந்து எழுத்துகளின்றி இடம்பெற்றது. 1991இல் நிகழாத ஒன்று 2010இல் நிகழ்ந்தது: முன்மொழிவு நிலையிலேயே தமிழர் அதனைப் படித்திருந்தனர். படித்தவர் இருந்தமையால் மறுப்பும் உரிய காலத்தில் எழுந்தது.

2019ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் பதிப்பில் முந்திரி, மா, கால், அரை முதலிய பின்னங்களும் பழங்கணக்குக் குறிகளுமாக 51 வடிவங்கள் தமிழுக்குக் கூடுதலாகக் கிடைத்தன. நிலவரி ஆவணங்களையும் ஓலைச்சுவடிகளையும் எண்மயமாக்குவோர்க்கு இவை இன்றியமையாதவை. ஓலைச்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் படிக்கத் தெரிந்தோர் சான்று தராமல் இத்தகைய பணி நிறைவேறாது. தொழில்நுட்பக் குழுவில் மொழியாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு இதுவே விடை.

மலேசியத் தமிழரின் நிலை

இவ்வரலாற்றில் மலேசியாவுக்கு ஒரு தனிக்கூறு உண்டு. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அதன் பயனாக 'சிங்கப்பூர்', 'இலங்கை', 'இந்தியா' என்று தமிழெழுத்தில் முடியும் இணைய முகவரிகள் அந்நாடுகளுக்கு 2010, 2011ஆம் ஆண்டுகளில் கிடைத்தன. நாட்டின் பெயரில் முகவரி பெறுவதற்கு அம்மொழி அந்நாட்டில் ஆட்சிநிலை பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. மலேசியாவுக்குச் சாவி எழுத்தில் அத்தகைய முகவரி உண்டு, தமிழில் இல்லை.

இதன் பொருளை நாம் தெளிவாக உணர வேண்டும். அனைத்துலகத் தரநிலைக் குழுக்களில் நாடுகளின் இருக்கையில் அமர்வோர் தத்தம் நாட்டின் ஆட்சிமொழிக்காகப் பேசுவர். மலேசியத் தமிழுக்காகப் பேசும் பொறுப்பு எந்த அரசு இருக்கைக்கும் இயல்பாக வாய்க்கவில்லை. தன்னார்வலர், மன்றங்கள், பல்கலைக்கழகத் துறைகள், ஆசிரியர் ஆகியோரே அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர். முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றமையும், 2013ஆம் ஆண்டில் தமிழிணைய மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றமையும் அவ்வாறு நிகழ்ந்தவையே.

அதற்கான வாயில்கள் இன்று முன்னையினும் திறந்துள்ளன. ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் வட்டாரத் தரவுத் தொகுப்பை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஒவ்வொரு மொழியிலும் மாதப்பெயர், நாட்டுப்பெயர், நாணயக்குறி, எண்ணெழுதும் முறை ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்பது அதில் பதியப்படுகிறது. கைப்பேசியின் நாள்காட்டி முதல் செய்திச் செயலிகள் வரை அத்தரவைப் பயன்படுத்துகின்றன. இந்தியத் தமிழுக்கு நூறாயிரத்தை இலக்க முறையில் 1,00,000 என்று பிரிப்பது வழக்கம். நம் நாட்டில் மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து 100,000 என்றே எழுதுகிறோம். தமிழுக்கு ஒரே வடிவம் போதும் எனக் கருதியிருந்தால் நம் மாணவர் கைப்பேசியில் ஒன்றும் கணிதப் பாடத்தில் வேறொன்றும் கண்டிருப்பர். மலேசியத் தமிழுக்கென அத்தொகுப்பில் தனிப்பகுதி இருத்தலால் இவ்வேறுபாட்டைப் பதிய இயல்கிறது. அத்தரவுகளைச் சரிபார்த்துக் கருத்துரைக்கும் பணியில் தனியாரும் பங்கேற்கலாம். அங்குத் தேவைப்படுவது நிரல் எழுதும் திறனைக் காட்டிலும் நல்ல தமிழறிவும் பொறுமையுமே.

முடிவுரை

பங்கேற்பினால் தமிழ் பெற்றவற்றைப் பெரிதாக்கிக் காட்டுதல் நம் நோக்கமன்று. 1991ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டகம் மாறவில்லை. ஆய்தத்தின் பெயரும் மாறவில்லை. பதின்மூன்று தனிநாடுகளில் கூடிப் பேசினாலும் அது மாறப்போவதில்லை. பங்கேற்பு தந்தவை, விடுபட்ட எழுத்துகள் சில, தவிர்க்கப்பட்ட பிழை ஒன்றிரண்டு, நாடெங்கும் செல்லும் விசைப்பலகை ஒன்று, முன்மொழிவைப் படிக்கத் தெரிந்த ஒரு சிறு கூட்டம் ஆகியனவே. அவற்றுள் இறுதியில் கூறியதே மிக அரியது. அக்கூட்டம் முதுமையடைந்து வருகிறது என்பதையும் கூறவேண்டியுள்ளது.

1924ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. இதழ்கள் நிற்கும், அச்சகங்கள் மூடப்படும். அவற்றின் எழுத்து அடுத்த தலைமுறையின் கருவியில் திறக்குமா என்பதை முடிவுசெய்வது தரநிலை. பேச்சை எழுத்தாக்குதல், எழுத்தைப் பேச்சாக்குதல், படத்தில் உள்ள எழுத்தை அறிதல் ஆகியவற்றுக்கான வரையறைகள் இப்பொழுது உருவாகி வருகின்றன. மலேசியத் தமிழரின் ஒலிப்பும் சொல்வழக்கும் அவற்றில் இடம்பெறுமா என்னும் வினாவுக்கு 1988ஆம் ஆண்டைப் போன்றே இன்றும் காலவரம்பு உண்டு.

நம் இந்தியவியல் துறைகளில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இலக்கணத்தோடு குறியேற்ற வரலாற்றையும் ஒரு பாடமாக வைக்கலாம். ஆண்டுக்கு ஒருவரேனும் தரநிலை முன்மொழிவு ஒன்றைப் படித்துக் கருத்துரை எழுதுவதை ஆய்வேட்டுப் பணியாக ஏற்கலாம். பண்டமாரான் பெட்டியில் எஞ்சியுள்ள மூன்று மலர்களின் அச்சுப்படியை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவ்வட்டாரப் பள்ளிகளிலும் கோயில்களிலும் பணியாற்றிய ஆசிரியர் எவரிடமேனும் 1990களின் மலர்கள் இருப்பின், அவற்றின் ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும். எஞ்சியவற்றைப் படிக்கத் தொடங்கிவிடலாம்.